அதே டாக்டர்தான்: மகனுக்குச் சரியாக முடிந்தது, எனக்கு ஏன் ஊசி முறிந்தது?

பள்ளத்தூரிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என் மகனுக்கு மேல் முன்பல்லில் ரூட் கெனால் செய்தார்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது. சில மாதம் கழித்து அதே டாக்டரிடம் நான் போனேன். எனக்குக் கீழே இடது பக்கம், ஞானப்பல்லுக்கு முந்தின கடைவாய்ப்பல். அதில் பல வருஷத்துக்கு முன் போட்ட உலோகக் கேப் இருந்தது. மூன்று முறை வரச் சொன்னார். மூன்றாவது முறை, உள்ளே ஊசி முறிந்துவிட்டது என்று அவரே சொல்லி, எக்ஸ்-ரேயில் காட்டி, மதுரையில் ஒரு நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்குப் போடுவேன். வாய் முன்போல் அகலமாகத் திறப்பதில்லை. கம்பி உள்ளே இருந்தால் புற்றுநோய் வரும், பல்லைப் பிடுங்கிவிடு, டாக்டர் மேல் கேஸ் போடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அவர் கை சரியில்லையா, என் பல் சரியில்லையா? எக்ஸ்-ரேக்களை அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள ஆச்சி,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ரூட் கெனால் என்பது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது. உங்களுக்கு முறிந்தது மருந்து போடும் ஊசி இல்லை, அந்தக் குழாயைச் சுத்தம் செய்யும் கம்பிபோன்ற கருவி. அது துருப்பிடிக்காத எஃகாகவோ நிக்கல்-டைட்டானியமாகவோ இருக்கும். அது வேருக்குள் இறுகிக் கிடக்கிறது. ரத்தத்தில் கலந்து எங்கும் போகாது, புற்றுநோயும் உண்டாக்காது. அதற்காகப் பல்லைப் பிடுங்க ஓட வேண்டாம். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த முதல் எக்ஸ்-ரேயில், வேர் நுனியைச் சுற்றி எலும்பில் கறுப்பு நிழல் எதுவும் தெரியவில்லை. அது உங்களுக்கு மிக நல்ல செய்தி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் கையா, உங்கள் பல்லா என்றால், பெரும்பங்கு பல்தான். ஆனால் பல் கடினமானது என்று சொல்லி ஒரு மருத்துவர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஒரு பல் எவ்வளவு கடினம் என்பது ஊசியை எடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் பார்த்தாரா, பார்த்து உங்களிடம் சொன்னாரா என்பதை வைத்துத்தான் நான் மருத்துவரை எடைபோடுவேன்.

மகனின் பல்லோடு உங்கள் பல்லை ஒப்பிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியுமே, மேல் முன்பல் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரும்பாலும் ஒரே வேர், ஒரே குழாய், ஓரளவு நேராக, நல்ல அகலமாக இருக்கும். வாயைத் திறந்ததும் வெளிச்சத்தில் பல் முன்னால் நிற்கும். மருத்துவருக்குக் கண்ணும் கையும் ஒரே திசையில் போகும். உங்கள் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக இரண்டு வேர், மூன்று குழாய். சிலருக்கு வேர்கள் ஒட்டிக்கொண்டு, குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்த பிளவுபோல் இருக்கும். இந்தப் பல்லில் அது அபூர்வமும் இல்லை. பல்லோ கன்னத்துக்கு உள்ளே, நாக்குக்குப் பக்கத்தில், பாதி இருட்டில் இருக்கிறது. சிறு கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

எது எவ்வளவு கடினம் என்று மனம்போன போக்கில் சொல்வதில்லை. அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை. முன்பல்லும் முன்கடைவாய்ப்பல்லும் குறைந்த கடினம், முதல் கடைவாய்ப்பல் நடுத்தரம், இரண்டாவதும் ஞானப்பல்லும் அதிகம். வேரின் வளைவு 10 டிகிரிக்குள் என்றால் குறைவு, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் அதிகம். வாய் திறக்கும் அளவு, குமட்டல், உடம்பில் உள்ள நோய், மரமரப்பு ஊசி பிடிக்குமா, ஏற்கெனவே கேப் இருக்கிறதா, எக்ஸ்-ரேயில் குழாய் தெரிகிறதா, முன்பு யாராவது அந்தப் பல்லில் ரூட் கெனால் செய்திருக்கிறார்களா என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. இதில் ஒரே ஒரு விஷயம் 'அதிகம்' கட்டத்தில் விழுந்தாலும் அந்தப் பல் கடினமான பல்தான். உங்களுடையது இரண்டாவது கடைவாய்ப்பல், இருக்கும் இடத்தினாலேயே அந்தக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. முன்பக்க வேரின் வளைவும் 30 டிகிரிக்கு மேல் இருப்பதாகத்தான் எக்ஸ்-ரேயில் தெரிகிறது. வாய் திறப்பு, கேப், வயது, சர்க்கரை எல்லாம் அதற்கு மேல்.

இவையெல்லாம் தனித்தனியாகச் சிரமம் தருவதில்லை, ஒன்று இன்னொன்றை வளர்க்கும். தவறு எப்படி நேர்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேப்பிலிருந்து தொடங்கலாம். கேப் செய்யும்போது மேல்பல்லோடு கடி பொருந்துமாறு நிமிர்த்திச் செய்வார்கள். உள்ளே இருக்கும் பல் முன்பக்கம் சாய்ந்திருக்கலாம். கேப்பின் நடுவில் நேராகத் துளை போட்டால், உள்ளே பல்லின் நடுவுக்குப் போகாமல் ஒரு பக்கச் சுவரை நோக்கிப் போய்விடும். உலோகம் எக்ஸ்-ரேயை மறைப்பதால், கேப்புக்கு அடியில் நரம்பு அறை எங்கே இருக்கிறது என்பதும் படத்தில் தெரியாது. அப்புறம் வயது. பல் தன் உள்ளறையை வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வருகிறது. இருபது வயதில் உயரமாக இருந்த அறை, அறுபதை நெருங்கும்போது கூரையும் தரையும் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். கூரையைத் திறக்கிறோம் என்று நினைத்துத் தரையையே துளைத்துவிட்டால், இரண்டு வேருக்கும் நடுவில் எலும்புக்குள் ஓட்டை விழும். உங்கள் மருத்துவர் அந்தக் கட்டத்தைப் பத்திரமாகத் தாண்டியிருக்கிறார். இரண்டாவது எக்ஸ்-ரேயில் அவர் போட்ட திறப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து வாய். நன்றாகத் திறக்கும் வாயில் மூன்று விரலை நிறுத்தி வைக்கலாம். வேரைச் சுத்தம் செய்யும் ஊசிகள், நாங்கள் ஃபைல் என்பவை, பெரும்பாலும் 21 அல்லது 25 மில்லிமீட்டர் நீளம். அதோடு கருவியின் தலையும் உள்ளே போக வேண்டும். வாய் சரியாகத் திறக்காவிட்டால் ஃபைல் நேராக இறங்காது, சாய்த்துத்தான் நுழைக்க முடியும். குழாயின் வாசலிலேயே ஒரு வளைவு வந்துவிடும். கீழே வேரின் வளைவு இன்னொன்று. ஒரே ஃபைல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வளைந்து சுழல வேண்டியதாகிறது.

நிக்கல்-டைட்டானியம் ஃபைல் பற்றி 1988-ல்தான் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதற்கு முன் எஃகு ஃபைல் மட்டும். புதிய உலோகம் வளைந்த வேருக்குள்ளும் வளைந்துகொண்டே போகும் என்பதால் எங்கள் வேலை பெரிதும் மாறியது. ஆனால் எஃகு முறியும் முன் பெரும்பாலும் திருகிக் காட்டிக்கொடுக்கும். நிக்கல்-டைட்டானியம் பல நேரம் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் காட்டாமலே முறிந்துவிடும். மோட்டாரில் அது நிமிடத்துக்கு 300 சுற்று வாக்கில் சுழல்கிறது. வளைந்த குழாய்க்குள் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். வளைவு கூடக் கூட உலோகம் சீக்கிரம் களைத்துப் போகும். ஒரே ஃபைலைப் பல பேருக்குக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினால் ஆயுள் இன்னும் குறையும். கடினமான பல்லுக்குப் புது ஃபைல்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. செலவு கூடும்தான். அதை நோயாளியிடம் சொல்லியே வாங்கலாம்.

முறிவதற்கு முன்பே இன்னொன்று நடப்பதுண்டு. குழாய் வளையும் இடத்தில் ஃபைல் நேராகவே போகப் பார்க்கும். வெளிவளைவுச் சுவரில் சின்னதாக ஒரு படி விழும். பிறகு எந்த ஃபைலை விட்டாலும் அந்தப் படியில் போய் முட்டும். தூள் சேர்ந்து வழி அடைபடும். அப்போது அழுத்தினால் ஒன்று ஃபைல் முறியும், இல்லையென்றால் வேரின் பக்கவாட்டில் ஓட்டை விழும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் உள்பக்கச் சுவர் மிக மெல்லியது. அங்கே கொஞ்சம் அதிகமாக ராவினாலே கிழிந்துவிடும். அதனால்தான் 0.1 மில்லிமீட்டர் நுனியுள்ள மெல்லிய ஃபைலைக் கையால் விட்டு, அடிக்கடி கழுவி, வழி பிடிபட்ட பிறகே மோட்டாருக்குப் போக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும் சாயங்கால நேரத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. கடினமான பல்லைக் காலையில், தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டும் என்று இளைய மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் ஆச்சி. முறிந்த ஊசி எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரிவதால் எல்லோரும் அதைப் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள். பல்லை அதிகம் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகள். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நான்காவதாக ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதைத் தேடாமல் மூன்றை மட்டும் அடைத்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும். சில வருஷம் கழித்து வீக்கம் வந்த பிறகே விடுபட்டது தெரியும். அதேபோல், வாய் சரியாகத் திறக்கவில்லை என்று ரப்பர் டேம் போடாமல் செய்வது. பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடும் அந்த ரப்பர் விரிப்பு 1864 முதல் இருக்கிறது. அது இல்லாமல் செய்தால் எச்சிலோடு கிருமி உள்ளே போகும். கழுவும் மருந்து தொண்டைக்குப் போகுமே என்று பயந்து கழுவுவதையும் குறைத்துக்கொள்வார்கள். இப்படிக் கடினமான பல்லில்தான் அவசியமான விஷயங்களும் விட்டுப்போகின்றன.

பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் செய்த சிகிச்சைகளை வைத்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல்லின் கடினம் கூடும்போது தவறுகளும் கூடுகின்றன என்பதே அவை காட்டுவது. வளைந்த வேர், தெளிவாகத் தெரியாத குழாய், கடைவாய் என்று வரும்போது படியும் ஓட்டையும் முறிவும் அதிகம். அனுபவம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும், அடியோடு போக்கிவிடாது. நுண்ணோக்கி வைத்துக்கொண்டு இதே வேலையைத் தினமும் செய்யும் நிபுணர் கையிலும் ஃபைல் முறிவதுண்டு.

அதற்காக முன்பல் என்றாலே சுலபம் என்று வைத்துக்கொள்ளவும் கூடாது. கீழ் முன்பற்களில் கணிசமானவற்றில் இரண்டு குழாய் இருக்கும். பல வருஷத்துக்கு முன் அடிபட்ட முன்பல்லில் குழாய் சுண்ணாம்புபோல் மூடிக்கிடக்கும், எங்களுக்குக் கடைவாயைவிட அதுவே கஷ்டம். உங்கள் மகனுக்கு அமைந்தது சுலபமான பல், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மருத்துவரைப் பற்றி. முறிந்ததும் மறைக்காமல் சொன்னார், படத்தைக் காட்டினார், தானே தோண்டி எடுக்கப் போகாமல் நிறுத்தினார், யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இந்த நான்கும் சரி. வளைவுக்குக் கீழே போன துண்டைப் பிடிவாதமாக எடுக்கப் போய் வேரையே ஓட்டையாக்குவதுண்டு, அவர் அதைச் செய்யவில்லை. பல் மருத்துவப் பட்டம் உள்ள எவரும் ரூட் கெனால் செய்யலாம். நிபுணர் என்பவர் அதற்கு மேல் மூன்று வருஷம் இந்தத் துறையையே படித்தவர். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதும் திறமைதான்.

எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. முதல் நாளே, "ஆச்சி, இது சிரமமான பல். வேர் வளைந்திருக்கிறது, வாய் திறப்பதும் குறைவு. ஊசி முறியலாம், குழாய் முழுக்கப் போக முடியாமலும் போகலாம். நான் முயன்று பார்க்கட்டுமா, நேராக நிபுணரிடம் போகிறீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே இல்லை. கேட்டிருந்தால் முறிந்த அன்று உங்களுக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது. இதை அவரிடமே நேரில் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், ஆனால் சொல்லுங்கள். அடுத்த நோயாளிக்கு அது உதவும்.

கேஸ் போடலாமா என்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழி இருக்கிறது. ஆனால் கவனமாகச் செய்தும் நேரக்கூடிய விபத்து வேறு, கவனக்குறைவு வேறு. ஊசி முறிந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து அதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். முறிந்ததை மறைத்து மேலே கேப்பைப் போட்டு அனுப்பியிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

மதுரையில் என்ன நடக்கும்? முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். சாதாரண எக்ஸ்-ரேயில் கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ போகும் வளைவு தெரியாது, அதில் தெரியும். பிறகு துண்டின் பக்கமாக மெல்லிய ஃபைலை நுழைத்துத் தாண்டிப் போக முடிகிறதா என்று பார்ப்பார். முடிந்தால் துண்டு உள்ளேயே இருக்க, குழாயைச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். துண்டு மேல்பகுதியில், நேரான இடத்தில் இருந்தால் நுண்ணோக்கியில் பார்த்து அதிர்வுக் கருவியால் எடுப்பார்கள். உங்களுக்கு வளைவைத் தாண்டிக் கீழே இருப்பதால், எடுக்க முயன்றால் வேரை அதிகம் குடைய வேண்டியிருக்கும். தாண்டவும் முடியாவிட்டால், துண்டு வரைக்கும் அடைத்துவிட்டுக் கவனிப்பதே நல்லது என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

முதல் எக்ஸ்-ரேயைப் பற்றிச் சொன்னேனே, அதன் அர்த்தம் இங்கேதான். பல்லைக் கெடுப்பது உலோகம் இல்லை, உலோகத்துக்குக் கீழே மாட்டிக்கொண்ட கிருமி. வேர் நுனியில் ஏற்கெனவே கறுப்பு நிழல் இருந்திருந்தால் கிருமி அங்கே வரை போய்விட்டது என்று பொருள், அப்போது முறிந்த துண்டு பெரிய தடை. உங்களுக்கு அது இல்லை. துண்டு முறிந்ததும் மூன்றாவது முறையில், அதற்குள் இரண்டு முறை கழுவி மருந்து வைத்தாகிவிட்டது. பல் நிலைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் தாமதிக்காமல் புதுக் கேப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் நான்கு வருஷம் வரை பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு ஆறுவது தாமதப்படும், மூன்று மாதச் சராசரி அளவைப் பார்த்துவிட்டுப் போங்கள். மதுரைக்கு அலைய முடியவில்லையென்றால், புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்கு இன்னும் பக்கம். காரைக்குடியிலேயே சில மருத்துவமனைகளுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாளில் நிபுணர்கள் வருகிறார்கள், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். புற்றுநோய் என்று அக்கம்பக்கத்தில் சொன்னது ஊசியைப் பற்றி. எனக்குப் பயம் உங்கள் பாக்கைப் பற்றி. பாக்கு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காத பாக்குக்கும் அது பொருந்தும். பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். காரம் பட்டால் எரியும். உங்களுக்கு வாய் திறப்பு குறைந்ததற்குத் தாடை மூட்டுகூடக் காரணமாக இருக்கலாம், நேரில் பார்க்காமல் நான் முடிவுசெய்ய மாட்டேன். ஆனால் அந்த நார்த்தன்மையாக இருந்தால் அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. மதுரையில் அதே நாளில் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத்தை வாங்கிக்கொள்ளுங்கள் ஆச்சி, மெல்லாதீர்கள். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

போகும்போது மூன்று எக்ஸ்-ரேக்கள், மருத்துவர் கொடுத்த கடிதம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். காலையில் நேரம் வாங்குங்கள். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டே போங்கள். அதுவரை வலது பக்கத்தில் மெல்லுங்கள். பல்லில் வைத்திருக்கும் தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் மதுரை நாள் வரட்டும் என்று இருக்காமல், அன்றே உங்கள் மருத்துவரிடம் போய்த் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும் அப்படியே.